அப்பாவின் இன்சுலின் குளுமையாக இருக்கிறதா? ஃபிரிட்ஜுக்குள் ஒரு சென்சார், செல்போனில் ஓர் எச்சரிக்கை

வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் ஃபிரிட்ஜ் தோசை மாவும் தயிரும் வைக்கிற பெட்டி மட்டுமல்ல, ஒரு சின்ன மருந்துக் கிடங்கும்கூட. இன்னும் திறக்காத இன்சுலின் குப்பிகளையும் பேனாக்களையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பியை அறை வெப்பநிலையில் பெரும்பாலும் 4 வாரம்வரை வைக்கலாம். அதற்கும் 25 அல்லது 30 டிகிரி என்று ஓர் உச்சவரம்பு உண்டு. இது மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

பால் கெட்டுப்போனால் மோந்து பார்த்தே சொல்லிவிடலாம். இன்சுலின் அப்படியில்லை. சூட்டில் வீரியம் குறைந்த மருந்தும் பார்க்க நல்ல மருந்து போலவே இருக்கலாம். ஊசி போட்ட பிறகும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் சாப்பாட்டைக் குறை சொல்வோம், மாத்திரையைக் குறை சொல்வோம். நேற்று மத்தியானம் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனது யாருக்கும் ஞாபகம் வராது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஃபிரிட்ஜுக்குள் ஒரு வயர்லெஸ் வெப்பநிலை சென்சாரை வைத்து, அதை வீட்டின் ஸ்மார்ட் ஹோம் அமைப்போடு இணைத்துவிட்டால், அப்பா பாளையங்கோட்டையில் இருந்தாலும் சென்னையில் இருக்கும் உங்கள் செல்போனுக்குத் தகவல் வந்துவிடும். இணைப்பது கடினமான வேலை இல்லை, அரை மணி நேரம் போதும். ஆனால் இணைத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அங்கேதான் ஆபத்து. ஏன் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

தகவல் எப்படிப் பயணிக்கிறது?

சென்சார் அளக்கிறது. அதை ஹப் என்ற சின்னப் பெட்டிக்கு அனுப்புகிறது. ஹப் வீட்டு ரூட்டருக்குக் கொடுக்கிறது. ரூட்டர் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் உங்கள் செல்போன் செயலிக்கு அனுப்புகிறது. கடைசியில் நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் உங்களுக்கு வருவது ஒன்றுதான்: அமைதி. எல்லாம் சரியாக இருக்கும்போதும் செல்போன் அமைதியாகத்தான் இருக்கும், சென்சாரின் பேட்டரி தீர்ந்துபோனாலும் அமைதியாகத்தான் இருக்கும். இந்த இரண்டு அமைதிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி.

எந்த சென்சார் வாங்கலாம்?

கடையிலும் ஆன்லைனிலும் மூன்று வகை கிடைக்கின்றன.

வைஃபை சென்சார்: தனி ஹப் தேவையில்லை, நேராக ரூட்டரோடு பேசும். ஆனால் வைஃபை அதிக மின்சாரம் குடிக்கும். அதனால் பல சென்சார்கள் பேட்டரியை மிச்சப்படுத்த நீண்ட நேரம் தூங்கிவிட்டு, அவ்வப்போது மட்டும் விழித்துத் தகவல் அனுப்பும்.

ப்ளூடூத் சென்சார்: விலை குறைவு. ஆனால் சுமார் ஒரு அறை தூரத்துக்குள் செல்போன் இருந்தால்தான் படிக்க முடியும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் இதற்கும் ஒரு கேட்வே தேவை.

ஜிக்பீ சென்சார்: குறைந்த மின்சாரத்தில் இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வயர்லெஸ் முறை இது. ஒரு சின்ன பட்டன் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். ஹப் கட்டாயம் வேண்டும். பிறகு கதவு சென்சார், தண்ணீர்த் தொட்டி சென்சார் என்று சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால், ஒன்றுக்கு மேல் வாங்க நினைப்பவர்களுக்கு இதுவே வசதி.

ஃபிரிட்ஜுக்கு வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அளவிடும் வரம்பு 0 டிகிரிக்குக் கீழும் போக வேண்டும். இரண்டு, துல்லியம் கூட்டல் கழித்தல் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூன்று, சென்சாரிலேயே ஒரு சின்னத் திரை இருந்தால் நல்லது. செல்போன் பழக்கமில்லாத பெரியவர்களும் எண்ணைப் படித்துச் சொல்ல முடியும். நான்கு, மெல்லிய வயரோடு கூடிய புரோப் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஏன் புரோப்? ஃபிரிட்ஜின் உடல் இரும்புத் தகடு. உள்ளே வைத்த சென்சாரின் சிக்னல் வெளியே வரத் திணறும். குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரியின் திறனும் குறையும். புரோப் வகையில், அளக்கும் முனை மட்டும் உள்ளே இருக்கும். மெல்லிய வயர் கதவின் ரப்பர் வழியாக வெளியே வரும். பேட்டரியும் ஆன்டெனாவும் வெளியே இருந்துவிடும். கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இணைக்கும் முறை

செயலிக்குச் செயலி பட்டன்களின் பெயர் மாறலாம். வேலை ஒன்றுதான்.

1. கருவியின் பெட்டியில் சொல்லியிருக்கும் செயலியை அதிகாரபூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பை நிறுவ வேண்டாம்.

2. உங்கள் கைபேசி எண் அல்லது மின்னஞ்சலில் கணக்கு தொடங்குங்கள். கடைக்காரர் அவருடைய கணக்கில் இணைத்துக் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, கட்டுப்பாடும் அவர் கையில்.

3. செல்போனை வீட்டு ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு இணையுங்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. "பாஸ்வேர்டு சரியாகத்தானே போட்டேன், ஏன் இணையவில்லை?" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

4. முதலில் ஹப்பை இணையுங்கள். மின்சாரம் கொடுத்து, செயலியில் கருவி சேர்க்கும் கூட்டல் குறியைத் தொட்டு, திரையில் வருவதைப் பின்பற்றுங்கள். அருகில் உள்ள கருவிகளைத் தேடுவதற்காக இருப்பிட அனுமதியும் ப்ளூடூத் அனுமதியும் கேட்கும், கொடுக்கலாம். தொடர்புப் பட்டியல், எஸ்எம்எஸ் அனுமதி கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

5. அடுத்து சென்சார். பேட்டரியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தாளை இழுத்துவிடுங்கள். சென்சாரின் பட்டனைச் சுமார் 5 விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். என்னைச் சேர்த்துக்கொள் என்று அது ஹப்பைக் கூப்பிடுகிறது என்று பொருள். செயலியில் ஹப்பின் பக்கத்துக்குப் போய்ப் புதிய கருவியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

6. இணைக்கும்போது சென்சாரும் ஹப்பும் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். இணைந்த பிறகு சென்சாரை ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள். அங்கே தகவல் வரவில்லை என்றால் ஹப்பைச் சமையலறைக்கு அருகே நகர்த்துங்கள். ஹப்பை ரூட்டரை ஒட்டி வைக்க வேண்டாம். இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இயங்குவதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யும். ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

7. சென்சாருக்குப் புரிகிற பெயர் வையுங்கள். "டெம்பரேச்சர் சென்சார் 1" என்றால் நாலு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. "அப்பா இன்சுலின் ஃபிரிட்ஜ்" என்றால் நடுராத்திரி தூக்கக் கலக்கத்திலும் புரியும்.

கணினியில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவசத் திறமூல மென்பொருளைப் பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பை கருவியிலோ நிறுவலாம். இதில் தரவு வீட்டிலேயே இருக்கும், அளவிடவும் பதியவும் இணையம் தேவையில்லை. ஜிக்பீ யுஎஸ்பி கருவியை நேராகச் செருகாமல் ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டுங்கள். யுஎஸ்பி 3 துறைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலில் இரைச்சலை உண்டாக்கும்.

ஐஸ் தண்ணீர் சோதனை

புது சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்வரை அதன் வெப்பநிலை 0 டிகிரி. புரோப்பின் முனையை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். புரோப் இல்லாத சென்சார் என்றால் தண்ணீர் புகாத ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூழ்க வைத்து, இன்னும் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். 1 டிகிரி காட்டினால் உங்கள் சென்சார் ஒரு டிகிரி கூடுதலாகச் சொல்கிறது. சில செயலிகளில் இதைத் திருத்தும் வசதி உண்டு. இல்லாவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது?

மருந்து எங்கே இருக்கிறதோ, அங்கேதான். கதவுத் தட்டில் மருந்தை வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடான காற்று படும். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழே உள்ள சில்லர் தட்டும் வேண்டாம், அங்கே மருந்து உறைந்துவிடலாம். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். நடுத்தட்டில் ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் மருந்து, பக்கத்தில் சென்சார். இதுவே சரி.

கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சூடாகும். மருந்து அவ்வளவு வேகமாகச் சூடாகாது. சென்சார் வெறும் காற்றை அளந்தால், அம்மா தயிர் எடுக்கும்போதெல்லாம் உங்கள் செல்போன் அலறும். நாலு நாள் அலறினால் ஐந்தாம் நாள் அதை மௌனமாக்கிவிடுவீர்கள். இதைத் தவிர்க்க, தண்ணீர் புகாத புரோப்பின் முனையை ஒரு சின்ன பாட்டில் தண்ணீருக்குள் வையுங்கள். அந்தத் தண்ணீர் மருந்துக் குப்பியைப் போலவே மெதுவாகச் சூடாகும், மெதுவாகக் குளிரும். தடுப்பூசிக் கிடங்குகளில் புரோப்பைத் திரவத்துக்குள் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

எச்சரிக்கை அமைப்பது

செயலியில் ஆட்டோமேஷன் என்ற பகுதிக்குப் போங்கள். "வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் போனால் எனக்குச் செய்தி அனுப்பு" என்று ஒன்று, "3 டிகிரிக்குக் கீழே போனால் செய்தி அனுப்பு" என்று இன்னொன்று. வரம்பு 2 முதல் 8 தானே, ஏன் 3, 7 என்று கேட்கலாம். சென்சாரில் அரை டிகிரி பிசகு இருக்கலாம், நீங்கள் செய்தியைப் பார்ப்பதற்கும் கொஞ்ச நேரம் ஆகும். அந்த ஒரு டிகிரி உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

பலர் மேல் எல்லையை மட்டும் வைத்துவிட்டுக் கீழ் எல்லையை விட்டுவிடுகிறார்கள். உறைந்து உருகிய இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

மூன்றாவதாக, பேட்டரி குறைந்தால் செய்தி, கருவி தொடர்பில் இல்லை என்றால் செய்தி. இந்த இரண்டையும் தேடிப் பிடித்து இயக்கிவிடுங்கள்.

செல்போனிலும் ஒரு வேலை இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பயன்படுத்தாத செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, அறிவிப்பு ஒலியை அனுமதியுங்கள். பிறகு குடும்பத்தில் இன்னொருவரையும் செயலியில் உறுப்பினராகச் சேருங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கையோ சித்தப்பாவோ என்றால் இன்னும் நல்லது. சென்னையில் உங்களுக்குச் செய்தி வந்து என்ன பயன், ஃபிரிட்ஜைப் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே!

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். புரோப்பை வெளியே எடுத்துக் கையில் பிடியுங்கள். சில நிமிடங்களில் செய்தி வர வேண்டும். வந்ததா? அப்போதுதான் இணைப்பு முடிந்தது.

கரண்ட் போச்சுன்னா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஃபிரிட்ஜ் சூடாவதற்கு முக்கியக் காரணம் மின்தடை. மின்தடையில் சென்சார் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஹப்பும் ரூட்டரும் அணைந்துவிடும். அதாவது, எச்சரிக்கை மிகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் சங்கிலி அறுந்துபோகிறது. செயலியைத் திறந்தால் கடைசியாக வந்த 5 டிகிரியே தெரியலாம். அது இப்போதைய 5 அல்ல, காலையில் வந்த 5.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் செய்யுங்கள்.

முதலாவது, ரூட்டர், ஃபைபர் பெட்டி, ஹப் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் இணைப்போ, ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ்ஸோ கொடுங்கள். இவை குறைந்த மின்சாரமே எடுக்கும்.

இரண்டாவது, எண்ணைப் பார்க்கும்போது அதன் நேரத்தையும் பாருங்கள். வெப்பநிலை மாறாதபோது சில சென்சார்கள் நீண்ட நேரம் பேசாமல் இருப்பது இயல்பு. அதனால் மென்பொருளும் பொறுமையாகக் காத்திருக்கும். ஹோம் அசிஸ்டன்டோடு பலரும் பயன்படுத்தும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளில், இருப்பைக் கண்காணிக்கும் வசதியை இயக்கினாலும், நாம் மாற்றாவிட்டால் பேட்டரிக் கருவி 25 மணி நேரம் பேசாமல் இருந்த பிறகே தொடர்பில் இல்லை என்று குறிக்கப்படும். இன்சுலினுக்கு 25 மணி நேரம் மிக அதிகம். 2 மணி நேரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தினமும் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை செயலியைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை வராவிட்டாலும் பாருங்கள். இது பழைய காலப் பழக்கம் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஈவின் திட்டத்தில் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டிகளில் சிம் கார்டு பொருத்திய வெப்பநிலைக் கருவிகள் இருக்கின்றன. வரம்பு மீறினால் அவை தாமாகவே குறுஞ்செய்தி எச்சரிக்கைக்கு வழிசெய்யும். அப்படி இருந்தும் தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலையை நாளுக்கு இரண்டு முறை பணியாளர் பார்த்துக் கையால் பதிய வேண்டும் என்பது நடைமுறை. கருவி இருப்பது மனிதர் பார்ப்பதற்கு மாற்று அல்ல.

பராமரிப்புக்காக மின்தடை செய்யும் பகுதிகளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. உங்கள் பகுதி வரும் நாளில், அணைந்த நேரத்திலிருந்து வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். கதவைத் திறக்காமல் உங்கள் ஃபிரிட்ஜ் எத்தனை மணி நேரத்தில் 8 டிகிரியைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த முறை திடீரென்று கரண்ட் போகும்போது உங்களுக்கு எவ்வளவு அவகாசம் என்பது கையில் இருக்கும். எதிர்பாராத மின்தடைக்கு மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். மின் இணைப்பு எண்ணைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபிரிட்ஜை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். குழந்தை செயலியில் விளையாட்டாகத் தொட்டாலும் ஃபிரிட்ஜ் அணைந்துவிடும்.

எச்சரிக்கை வந்துவிட்டது. இப்போது என்ன?

பதற்றப்பட வேண்டாம். முதலில் வீட்டுக்கு போன் செய்து கரண்ட் இருக்கிறதா, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று கேளுங்கள். பாதி அழைப்புகள் இங்கேயே முடிந்துவிடும். கரண்ட் இல்லை என்றால் கதவைத் திறக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிவைத்த அவகாசம் முடியப்போகிறது என்றால், மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸ் பேக் வைத்த ஃப்ளாஸ்க்குக்கோ கூல் பாக்ஸுக்கோ மாற்றலாம். ஐஸ் நேரடியாக மருந்தைத் தொடக் கூடாது.

மருந்து சூடாகிவிட்டது என்றால் தூக்கி எறியவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போடவும் வேண்டாம். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பதைச் செயலியின் வரைபடத்தில் பார்த்து, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லிக் கேளுங்கள். "கொஞ்ச நேரம் வெளியே இருந்துச்சு டாக்டர்" என்பதற்கும், "12 டிகிரியில் 3 மணி நேரம் இருந்தது" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது சொன்னால் அவரால் தெளிவாக முடிவு சொல்ல முடியும். அவசர ஆலோசனைக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. சர்க்கரை மிக அதிகமாகி மயக்கம், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி என்றால் காத்திருக்காமல் 108.

பாதுகாப்பு

ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ஸ்மார்ட் கருவிகளுக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் சென்சாரைச் சரிசெய்ய ஓடிபி சொல்லுங்கள் என்று யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.

சென்சாரின் பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

ஸ்மார்ட் ஹோம் இல்லாத வீட்டில்?

இதெல்லாம் இப்போதைக்கு முடியாது என்றால், மருந்து இருக்கும் தட்டில் ஒரு சாதாரண ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரை வையுங்கள். அப்பாவை காலையும் இரவும் அந்த எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சென்சார் இருக்கும் வீட்டிலும் இதையே செய்யலாம். தினமும் பேசும்போது, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதோடு "ஃபிரிட்ஜ்ல எத்தனைப்பா காட்டுது?" என்றும் ஒரு கேள்வி. 4 என்றோ 5 என்றோ பதில் வந்தால் அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் சரியான வரம்புக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.